விஹார் ஏரி, ஞாயிற்றுக்கிழமை

கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர்.
அந்தப் பக்கம் ஏரி, மேலே இரண்டு பருந்து,
கரையில் காய்கிற ஒரு மரத்துண்டு.
"மரத்துண்டு இல்லை, முதலை" என்றார் வாக்மாரே.
புலியை அடித்தவன் என்று பொருளாம் அந்தப் பெயருக்கு.
கையில் விசில்தான் இருந்தது.

பதினாறு இட்லி, மிளகாய்ப்பொடி, விரிக்க ஒரு போர்வை,
இவ்வளவையும் சுமந்து தாராவியிலிருந்து
இரண்டு ரயில், ஒரு ஆட்டோ.
தம்பி இசக்கிராஜ் போனில் ஏதோ பழைய படம் பார்த்திருக்கிறான்:
யாரோ படகில், யாரோ தூண்டிலோடு.
"அது எந்தக் காலம்!"
குளிக்கக்கூடாது, தூண்டில் கூடாது,
கல் எறியக்கூடாது, கால்கூட நனைக்கக்கூடாது.
பீனே கா பானி ஹை.
குடிக்கிற தண்ணீர்.

யாரிடம் சொல்கிறார்.
நாலரைக்கு வரும், ஐந்தே காலுக்கு நின்றுபோகும்.
மோட்டார் வைத்த தேவகனி வீடு உறிஞ்சியது போக
முதல் குடம் துரு,
அடுத்தது அரிசி களைய, அதற்கடுத்தது உளுந்து ஊற.
நாலாவது குடம் சில நாள் வரும்.
இந்தப் பதினாறு இட்லியும்
இந்த ஏரியை ஒருமுறை ஆவியில் வைத்து எடுத்ததுதான்.

இரண்டு எடுத்துக்கொண்டார். பொடி வேண்டாம் என்றார்,
பிறகு கொஞ்சம் என்றார்.
பேச்சு மழைக்குப் போயிற்று.
துளசி ஏரி நிறைந்தால் இதில் விழுமாம்,
இது நிறைந்தால் மித்தியில்.
எண்ணெய் விரலால் காற்றில் ஆறு வரைந்தார்.
"மித்தி பார்த்திருக்கிறீர்களா?"

பார்த்திருக்கிறோம்.
ஜூலையில் அது கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.
கிரைண்டரைக் கட்டில்மேல் ஏற்றி
பக்கத்தில் பையனை உட்காரவைத்து
விடிய விடிய நின்றோம், நானும் ஜெபராணியும்,
முழங்கால்வரை.
அன்று கால் நனைத்தோம்.
விசில் ஊத ஒருவரும் வரவில்லை.

இதையெல்லாம் சொல்ல என் இந்தி போதாது.
"பார்த்திருக்கிறோம்" என்று மட்டும் சொன்னேன்.

மரத்துண்டு வாயைத் திறந்து மூடி
ஏரிக்குள் இறங்கிற்று, சாவகாசமாக.
"அது மட்டும் குளிக்கலாமா?" ரூபன் கேட்டான்.
வாக்மாரே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது கம்பிக்குள் கைவிட்டு
பாட்டிலில் மிச்சமிருந்ததை அவன் கவிழ்த்துவிட்டான்,
காலையில் எங்கள் குழாயில் பிடித்தது.
விசில் வாய்வரை போயிற்று.
சத்தம் வரவில்லை.
தண்ணீரும் ஏரிவரை போகவில்லை.
ஒரு சாண் ஓடி,
ஒரு தேக்கு இலையைச் சுற்றி,
மண்ணுக்குள் போய்விட்டது.