யார் மேலும் இல்லாத கோபம்

இயக்குநர் வாட்சாப்பில் கேட்டது இவ்வளவுதான்:
படத்துக்கு ராக் பாட்டு ஒண்ணு, நாலு நிமிஷம்,
ராத்திரியில் கதாநாயகன் மோட்டாரில் போறான்,
கோபம் வேணும்,
ஆனா அது யார் மேலயும் இருக்கக் கூடாது.

பகாவில் அப்படியொரு கோபம்
எந்தக் கடையில் கிடைக்கும் என்று
மூன்று நாள் அலைந்தேன்.
மாமாக் கடையில் தே தாரேக்கு இருபது காசு ஏற்றியிருந்தார்கள்.
செம்பனை மில் வாசலில்
எடைக்குக் காத்து நின்ற லோரிக்காரர்
எச்சில் துப்பிய திசையில் ஆபீஸ் இருந்தது.
எல்லாக் கோபத்துக்கும் ஒரு முகவரி இருந்தது.

ஆ சேங் அப்பாவின் டயர் கடை மாடிதான் ஸ்டூடியோ.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
கீழே காற்றடிக்கும் கம்ப்ரஸர்
கேட்காமலே தாளத்தில் சேர்ந்துகொள்ளும்.
டிரம்ஸ் ஆ சேங். கிட்டார் சர்குணம்.
மில்லில் எடைப்பாலம் பார்க்கிற நளாயினி குரல்.
நான் பேஸ். பாட்டெழுதுவதும் நான்தான்,
கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

ஆறு மணிக்கு மில் சங்கு ஊதும்.
ஒவ்வொரு டேக்கும் அங்கேதான் செத்தது.
ஜன்னலில் மெத்தையைச் சாத்திப் பார்த்தோம்.
மெத்தைக்குள்ளும் ஊதியது.
கடைசியில் சர்குணம்
ஆறு கம்பியையும் சங்கின் சுருதிக்கு இறக்கினான்.
"அது நிறுத்தாதுடா. நாம போய்ச் சேர்ந்துக்குவோம்."

மறுநாள் சங்கு எழுந்தது,
நளாயினி அதன் மேல் ஏறி நின்று பாடினாள்:
*இருபத்து நாலு மணி நேரத்தில்
வீட்டைக் காலி பண்ணச் சொன்னவன்
கதவு நம்பரையாவது கேட்டிருக்கலாம்.*

கம்ப்ரஸர் நின்றிருந்தது.
ஆ சேங்கின் அப்பா படியில் உட்கார்ந்திருந்தார்,
கையில் கழற்றிய நட்டு.
தமிழ் தெரியாது அவருக்கு.
"சியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.
யார் என்று.

இயக்குநரும் அதையேதான் கேட்டார்.
மெட்டு பிரமாதம், ஆனா அந்த 'சொன்னவன்' யாரு?
ஸ்பான்சர் இருக்காங்க பாருங்க.
'விதி'ன்னு மாத்திக்கலாமா?
மாற்றினோம்.
எண்ணூறு வெள்ளி, நாலு பங்கு.
நளாயினி கேஸ் தோம்பும் அரிசியும் வாங்கினாள்.

படம் சிரம்பானில் மூன்று நாள் ஓடியது.
நாங்கள் போன காட்சிக்குப் பதினொரு பேர்,
எங்கள் நால்வரையும் சேர்த்து.
மோட்டார் போகும்போது வயலின் அழுதது.
எங்கள் பாட்டு கடைசியில், பெயர்கள் ஓடுகையில்,
விளக்கு போட்ட பிறகு,
நாற்பது வினாடி.
சங்கை இரைச்சல் என்று துடைத்திருந்தார்கள்.
அது இல்லாமல் கிட்டார்
எதற்கோ இறங்கிக் காத்து நிற்பது போலிருந்தது.
பாப்கார்ன் கூட்ட வந்த நேப்பாளிப் பையன்
காலைத் தூக்கச் சொன்னான்.
தூக்கினோம்.
அப்போதுதான் என் பெயர் மேலே போனது,
ஓர் எழுத்து குறைவாக.

நேற்று ஆறு மணி.
பாலத்தில் லோரி, சங்கு, அதே சுருதி.
நளாயினி முத்திரை குத்திக்கொண்டே
பழைய வரியை அப்படியே பாடினாளாம்,
விதி இல்லாமல்.
லோரிக்காரர் கண்ணாடியை இறக்கி
"யாரும்மா அவன்?" என்றாராம்.
இவள் பேசாமல் ரசீதை நீட்டினாளாம்.

மேலேயே இருக்கிறதே,
கொட்டை எழுத்தில்.