ஒத்திகைப் பாவங்கள்

வியாழன் பிற்பகல், நான்காம் ஆண்டு இறையியலாருக்குப்
பாவம் கேட்கும் பயிற்சி.

ஹர்மட்டான் காற்று பாலைவனத்தைச் சுமந்துவந்து
என்சுக்கா மலைச்சரிவில்
எங்கள் குருமடத்தின்மேல் கொட்டும் மாதம்.
காலையில் துவைத்த வெள்ளை அங்கி
மாலையில் செம்பழுப்பு.
உதடு வெடித்துச் சிரிக்கவும் வலிக்கும்.
ஆனாலும் சிரித்தோம்.

மரச்சட்டத்தில் பழைய கொசுவலையை அறைந்து
இதுதான் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்றார் தந்தை அனோசி.
இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அந்தப் பக்கம் முழங்காலுக்கு ஒரு சிமெண்டுச் சாக்கு.
பால்மாவு டப்பாவில் மடித்துப்போட்ட சீட்டுகள்:
ஆளுக்கொரு பாவம்.

கொழுந்தனைச் சபித்த மனைவி.
கோயில் கட்டிய கம்பியில் தன் வீட்டையும் கட்டிக்கொண்ட கொத்தனார்.
டோபெக்குவுக்கு வந்தது பயணக் காசில் கைவைத்த நடத்துனர்;
அவன் விசும்பிய விசும்பலில் சட்டமே சாய்ந்தது,
வகுப்பு இருமி இருமிச் சிரித்தது.
"பாவி அழலாம், நடிக்கக் கூடாது"
சிவப்பு மையில் குறித்துக்கொண்டார் தந்தை.

பிறகு என் முறை.
ஊதாப் பட்டையை முத்தமிட்டு அணிந்தேன்.
வலைக்கு அப்பால் ஒசோண்டு.
மரவள்ளி மாவு அளக்கும் குவளையின் அடியைச்
சுத்தியலால் தட்டி மேடாக்கிய சந்தைக்காரி அவன்.
குவளையைப் பற்றி இரண்டு வரி சொன்னான்.
குரல் இறங்கியது.

"அப்பா ஞாயிறு இரவு இறந்தார்.
ஞாயிறு இரவே செய்தி வந்துவிட்டது.
திங்கள் அறநெறி இறையியல் தேர்வு.
கைப்பேசியை அணைத்துத் தலையணை உறைக்குள் வைத்தேன்.
எண்பத்தொன்று மதிப்பெண்.
செவ்வாய்க்கிழமை அதிபரின் கதவைத் தட்டி
இப்போதுதான் தெரிந்தது என்றேன்.
பேருந்து நிற்கும் இடத்தில் அம்மா
இரண்டு நாளாய் நின்றிருக்கிறாள்."

பயிற்சியில் மன்னிப்பு வாசகத்தை முழுதாய்ச் சொல்லலாகாது.
'நான் உன்' என்பதோடு நிறுத்திவிட வேண்டும்.
கையை உயர்த்தினேன்.
நான் உன்.
எத்தனையோ முறை நிறுத்திய இடம்தான்.
இருட்டில் இல்லாத படிக்குக்
கால் நீட்டியவன்போல் இருந்தேன்.

"கற்பனை நன்று. ஆனால் சீட்டைவிட்டு விலகிவிட்டாய்."
பத்துக்கு ஆறு போட்டார் தந்தை.

இரவு, பேரமைதி மணி அடித்து, ஜெனரேட்டரும் அடங்கியபின்
தண்ணீர்த் தொட்டியருகே அங்கி துவைத்துக்கொண்டிருந்தான்.
பேசக் கூடாது. பேசினேன்.
"உண்மையான குரு எவரிடமாவது போ."
"போனேன். மூன்று முறை.
முதல் முறையே மன்னித்தாயிற்றே என்று
மூன்றாம் முறை கடிந்துகொண்டார்."
"பிறகு எதற்கு என்னிடம்?"

கழுத்துப்பட்டியின் அழுக்கைக் கட்டைவிரலால் தேய்த்தான்.
"அந்தத் திங்கள் என் பேனா எழுதவில்லை.
பின்னால் திரும்பினேன், நீ ஒன்று தந்தாய்.
எதற்குத் தந்தாய் என்று
உனக்குத் தெரிய வேண்டாமா?"

வாளியில் நிலா இருந்ததா, நினைவில்லை.
நுரை இருந்தது.

ஜூலையில் பட்டம் பெற்றோம்.
இப்போது மெய்யான வலைக்குப் பின்னால் உட்காருகிறேன்.
நான் உன் என்பதைத் தாண்டுமுன்
ஒரு நொடி தடுக்குகிறது.
கிழவர் ஒருவர் அந்த நொடியில்
மிச்ச வாசகத்தை எனக்கு எடுத்துக்கொடுத்தார்,
மறந்துவிட்டேன் என்று நினைத்து.

ஒத்திகை அருளடையாளம் ஆகாது; அதற்கு முத்திரை கிடையாது.
சட்ட வகுப்பில் கேட்டுவைத்தேன்,
யாருக்காக என்று சொல்லாமல்.
ஆனாலும் ஒசோண்டு அவன் பெயரல்ல.
பாடமும் அறநெறி அல்ல.
பேனா மட்டும் நிஜம். நீலம்.
அவன் இன்னும் திருப்பித் தரவில்லை.
மூடியில் பற்கடி இருக்கும்.
பற்கள் என்னுடையவை.