நொண்டி நாலு

கோட்டூர்த் தோட்டத்து வீட்டில்
சாப்பாட்டு மேசையை ஒழித்து
பவானி ஜமக்காளம் விரித்து
அதன்மேல் கிடத்தியிருந்தார்கள்.

பங்கு பேசி முடிந்துவிட்டது.
அண்ணனுக்குக் கிணற்றுமேட்டுத் தென்னை எட்டு ஏக்கர்,
தங்கைக்கு ரோட்டோரம் மூன்று ஏக்கரும் இதுவும்.
"அய்யனோட ரைபிளு, சண்டையில இருந்தது,
கேக்கற வெலைக்குப் போகும்."
யார் முதலில் சொன்னது என்று
இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

பத்திரம் பதியுமுன் கணபதி லேத்துக்காரரை
ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றவர்
தங்கை மயிலாத்தாள்.
அண்ணன் திருமூர்த்தி
காப்பி கொண்டுவரச் சொன்னார்.

நான் துப்பாக்கிக்காரன் இல்லை, அளவுக்காரன்.
மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினால்
பம்பு தண்ணீர் எடுக்காது என்று
நாற்பது வருஷம் பீளமேட்டோடு மல்லுக்கு நின்றவன்.
பழைய இரும்பின்மேல் கிறுக்கு வந்தது பிற்பாடு.

முதலில் மோந்து பார்த்தேன்.
ஆளிவிதை எண்ணெய் மரத்தில் ஊறி ஊறி
ஒரு வாடையாகியிருக்கும்.
இதில் வார்னிஷ் அடித்தது.
தடவினேன்.
பட்டாளத்து மரம் இரும்பைவிட
மயிரிழை மேலே நிற்கும்.
இது உள்வாங்கியிருந்தது.
யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.
அம்பு முத்திரை,
ஈரக்கை பட்ட ரேஷன் கார்டு சீல்போல.

கழற்றவே கழற்றாத திருகாணி என்று ஒன்றாவது இருக்கும்.
அதன் வெட்டில் அழுக்கு கல்லாகி உட்கார்ந்திருக்கும்.
இங்கே எதில் வைத்தாலும்
ஊசி சுத்தமாக இறங்கியது.

மேல்மரத்தை எடுத்தேன்.
குழல் தொடங்கும் இடத்தில்
பட்டாணி அளவு வட்டம்,
நிறம் ஒரு சாயல் வெளுத்து.
பள்ளிப் பிள்ளைகள் தோளில் சாய்த்து நடக்க
ஓட்டை போட்டு ஊமையாக்கிய துப்பாக்கி.
ஓட்டையை அடைத்துவிட்டால்
பேச்சு வந்துவிடுமா?

"எண்ணு சரியா இருக்குதுங்ளே" என்றார் திருமூர்த்தி,
பழுப்பேறிய உரிமப் புத்தகத்தை நீட்டி.
ஆமாம். 40744.
ஒவ்வோர் இலக்கமும் சரி.
அத்தனை சரியாக இருந்ததுதான் உறுத்தியது.
உருப்பெருக்கியை நெருக்கினேன்.

நாலு.
குறுக்குக்கோட்டின் வால் உடைந்த நாலு.
மூன்று இடம், மூன்றும் ஒரே நொண்டி.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

பம்பு விற்காத தொண்ணூற்றெட்டு.
லேத்துகளுக்குச் சாக்குப் போர்த்திய ஆவணி.
மூட்டையில் சுற்றிய துப்பாக்கியும்
சிகரெட் அட்டையில் எழுதிய எண்ணுமாக
ஒருவர் வந்தார்.
"சுடாதுங்க, சினிமாவுக்கு.
கிட்டக் காட்டறப்ப எண்ணு தெரியோணும்."
பழையதை அரைத்துவிட்டு ஐந்து குத்து, முந்நூறு ரூபாய்.
அதற்கு முந்தின வாரம்தான்
எண்குத்துப் பெட்டி கவிழ்ந்து
நாலுக்கு வால் போயிருந்தது.
புதுசு வாங்கக் காசில்லை.
முந்நூறில் நூறு பையனுக்கு,
மிச்சத்துக்கு அரிசி.
எந்தப் படம் என்றுகூட நான் கேட்கவில்லை.

"அய்யன் தவறினது எப்பங்க?"
"எம்பத்தொண்ணு, தைப்பூசத்தன்னிக்கு"
என்றார் மயிலாத்தாள்.
"அதுக்கப்பறம் அண்ணன் பீரோவுலதான்."

அசல் எந்த ஊர்ச் சுவரில் தொங்குகிறதோ.
வேறு யாராவது செய்த பொய் என்றால்
வார்னிஷைச் சொல்லி, மரத்தைச் சொல்லி,
பஸ் சார்ஜ் வாங்கிக்கொண்டு எழுந்திருப்பேன்.
இது என் கையெழுத்து.
வாயைத் திறந்தால் நானும் கூட்டு.

மைக்ரோமீட்டரை உறையில் போட்டேன்.
மயிலாத்தாள் என் வாயையே பார்த்திருந்தார்.
அவர் மட்டும் தம்ளரின் அடியைப் பார்த்தார்.
மீசை அன்றைக்குக் கறுப்பு.

"ஏனுங்க" என்றேன்,
"அந்தப் படம் வந்துச்சுங்ளா?"