சிறந்த கிளை

பதினோரு கல்லூரி, பதினோரு கிளை,
பதினோரு கோப்பு.
பெருந்துறை மண்டபத்தில்
சமையற்கட்டை ஒட்டிய அறையில்
நாங்கள் மூன்று நடுவர்கள்:
ஆடிட்டர் சென்னியப்பன்,
தீயணைப்பில் ஓய்வுபெற்ற மாரண்ணன்,
புள்ளியியல் நடத்தும் நான்.
மதிப்பெண் தாளில் ஆறு கட்டம்.
ஒளிப்படத்துக்கே பதினைந்து.

காங்கயம் கிளையின் கோப்பில்
கல்யாணப் பத்திரிகை போலத் தங்க எழுத்து.
பக்கத்துக்குப் பக்கம் ஒரே மரக்கன்று.
எட்டுப் பேர் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள்,
விட்டால் கன்று ஓடிவிடும் என்பது போல.

சத்தியமங்கலத்தார்
பண்ணாரிச் சாலையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை
எடை போட்டிருந்தார்கள்:
நூற்றுப் பதினாலு கிலோ எழுநூறு கிராம்.
"அந்த எழுநூறுக்காகவே நம்பறனுங்" என்றார் ஆடிட்டர்.
"முழுசாப் போட்டிருந்தாத்தான் சந்தேகம்."

கவுந்தப்பாடிக் கிளை அனுப்பியது
நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு,
பின்னட்டையில் வாய்ப்பாடு.
இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன.
பிரித்தேன்; நாட்டுச்சர்க்கரை வாசம்.

ஜூலை 9. நட்டது அறுபது.
ஆகஸ்ட் 2. இருப்பது பதினேழு. வெள்ளாடு.
ஆகஸ்ட் 20. பதினாறு. நாங்க லீவுக்குப் போயிட்டோம்.
செப்டம்பர் 11. ராத்திரி ரெண்டே கால்.
பெருந்துறை ஆஸ்பத்திரி, பிரசவக் கேசு, ஓ நெகடிவ்.
ரெண்டு பேரு, ஒரு வண்டி, பெட்ரோல் கடன்.
குடுத்தவன் பேரு எழுத வேண்டாங்கறான்.
அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சா
ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டுப் போயிருமாம்.

விதி ஏழு:
பெயரும் கையெழுத்தும் இல்லாத சேவைக்கு
மதிப்பெண் இல்லை.
எழுதியதே நான்தான்.
போன வருசம் ஒரு கிளை
இல்லாத ஆட்களின் உடம்பிலிருந்து
நானூறு யூனிட் எடுத்துக் காட்டியது.
நல்ல விதி. இப்போதும் சொல்வேன்.

மாரண்ணன் நோட்டை மூடவிடவில்லை.
"நெருப்பு அணைச்சா நாங்களும் பதிவேடு எழுதுவமுங்.
தண்ணி அடிச்சவன் பேரு இருக்காது,
வண்டி நம்பர்தான்."
"இதுல வண்டி நம்பரும் இல்லீங்களே"
என்றார் ஆடிட்டர்.
மூவருமே சிரித்துவிட்டோம்.

பிறகு போட்டேன்.
என் கையெழுத்தில் பூஜ்யம்
எப்போதும் மேலே கொஞ்சம் திறந்துதான் இருக்கும்.
"இது ஆறுங்களா, சைபருங்களா?"
என்று கேட்டார் ஆடிட்டர்.
பேனாவை வாங்கி
நானே மூடிக் கொடுத்தேன்.

கேடயம் சத்தியமங்கலத்துக்கு.
சரியான முடிவு. கைதட்டலில் குறையில்லை,
அடுத்தது சாப்பாடு என்பதும் காரணம்.
காங்கயத்தார் ஒளிப்படத்துக்கான பரிசை
எட்டுப் பேராகப் பிடித்தபடி
ஒளிப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்
கவுந்தப்பாடிச் செயலாளர் ரூபதர்ஷினி.
ஒன்பதாம் இடம்.
தட்டில் அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய்.
"மேடம், ஆட்டுக்கு எத்தன மார்க்குங்?"
அதுக்குக் கட்டம் இல்லைம்மா என்றேன்.
"அப்ப வேலி போட்டா?"
அதுக்கும் இல்லை.
"போடத்தான் போறோம்" என்று
அப்பளம் வாங்கப் போய்விட்டாள்.

அவளோடு வந்த பையன்கள் நாலு பேர்.
ஐந்து மாசத்தில் ஊசி குத்திய இடம் தெரியாது,
தெரிந்தும் முழங்கை மடிப்பைத் தேடினேன்.
நாலு பேரும் முழுக்கைச் சட்டை.
ஒருவன் என்னைப் பார்த்து
ரசம் வேணுமா என்றான்.
நாலில் ஒன்று என்று
மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டது.
வராமல் அறையிலேயே தூங்குகிறானோ என்னவோ.

ஈரோட்டுப் பஸ்ஸில் ஜன்னலோரம்.
மடியில் பையும் பதினோரு மதிப்பெண் தாளும்.
செப்டம்பர், அக்டோபர் என்று
விரல் விட்டு எண்ணினேன்.
பிறந்தது பெண்ணா பையனா
நோட்டில் இல்லை.
இந்நேரம் குப்புற விழுந்திருக்கும்.