எந்த மண்?

மல்லாவிச் சந்தியில் நின்ற பஸ்ஸின் மிதிபலகையைத்
தையல் நாடாவால் அளந்தேன்.
நிலத்திலிருந்து பதினேழு அங்குலம்.
"அக்கா, பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப் போறியளோ?"
கொண்டக்டர் பெடியன் சிரித்தான்.
அப்பாவின் கால் ஒன்பது அங்குலம்தான் எழும்பும்.
மிச்ச எட்டுக்கு என்ன வாங்குவதென்று
அவனிடம் கேட்கவில்லை.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பதினொரு நாள் இருந்தது.
வான் பிடிக்கலாம் என்றேன்.
"வானிலை போய் இறங்கிறதுக்கு
ஆர் நேர்த்தி வைச்சது?" என்றாள் அம்மா.

ஒஸ்லோவிலிருந்து தங்கச்சி படங்கள் அனுப்பினாள்:
மடித்தால் பெட்டிக்குள் போகும் கதிரை,
பனியில் வழுக்காத ஊன்றுகோல்.
பனிக்கு என்ன செய்யும் என்று விபரமாக இருந்தது.
புழுதியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கிளிநொச்சியில்
சைக்கிள் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில்
மரியநேசனின் கடை.
நிறை கேட்பார் என்று எண்பத்திரண்டு கிலோ,
உயரம், தோள், நாரி, கை இறக்கம்
எல்லாம் துண்டில் எழுதிப் போயிருந்தேன்.
அவர் துண்டைப் பார்க்கவில்லை.
"எந்த மண்?" என்றார்.

விளங்காமல் நின்றேன்.
"முத்தம் என்ன மண்? போற இடம் என்ன மண்?"
முற்றம் களி. ஒழுங்கை கிரவல்.
பெரிய றோட்டு தார்.
கோயிலடி மணல்.
"நாலுக்கும் ஒத்துவாற சில்லு
இன்னும் ஒருத்தரும் செய்யேல்லை, தங்கச்சி.
சின்னச் சில்லு மணலுக்குள்ளை மூக்கைக் குத்தும்.
பெரிய சில்லுக்கு பஸ்ஸிலை இடமில்லை.
பொல்லு எங்கையும் போகும்.
ஆனால் ஒரு கைதான் பொல்லிலை,
மற்றக் கையை அம்மா பிடிக்க வேணும்.
அம்மாவை ஆர் பிடிக்கிறது?"

அதை நான் அளந்திருக்கவில்லை.

அடுத்த நாள் அப்பாவைக் கூட்டிப் போனேன்.
சில்லுக்கதிரையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.
"ஒருக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வந்தனீங்கள்.
அது காணும்."
எந்த ஒருக்கா என்று மரியநேசன் கேட்கவில்லை.
கதிரையை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

கடைசியில் நாலு சில்லு வாக்கர்.
கைப்பிடியில் பிறேக், நடுவில் சின்ன இருக்கை,
முன்னால் மீனுக்குப் போவதுபோல ஒரு கூடை.
பாதிக் காசு கையில்,
மீதி பள்ளிக்கூட யூனிபோம்கள் தைத்து முடிய.
பிடியை மணிக்கட்டு மட்டத்துக்கு ஏற்றியது நான்.
கை இறக்கம் பார்த்துப் பழகிய கண்.
எட்டு அங்குலத்துக்கு
பக்கத்துக் கடையில் ஒரு சோடாப் பெட்டி.

பொங்கலன்று அந்தப் பெடியனே
பெட்டியை மிதிபலகைக்குக் கீழே வைத்தான்.
"அளவு சரியோ அக்கா?"
மாங்குளத்தில் மாறி ஏறியபோது
வேறு பஸ், வேறு உயரம்.
இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள், சும்மா,
நெல்லு மூட்டை ஏற்றுவதுபோல.
அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

கோயிலடி மணலில் நாலு சில்லும் புதைந்தன.
தள்ளிப் பார்த்தார். சில்லுகளின் தாய் தகப்பனைத் திட்டினார்.
திரும்பி நின்று இழுத்தார்,
வந்தது, ரெண்டு கோடு கீறிக்கொண்டு.

வாசலுக்கு நூறடி இருக்கையில் அம்மா நின்றாள்.
"முழங்கால்" என்றாள்.
அன்றுவரைக்கும் அம்மாவுக்கு முழங்கால் இருந்ததே
எங்களுக்குத் தெரியாது.
அப்பா பிறேக்கைப் பூட்டினார்,
துவாயால் இருக்கையைத் தட்டினார்.
"இரு."
"அப்ப உங்களுக்கு?"
"நான் இதைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன்."

அம்மாவின் நாற்பத்தொரு கிலோ ஏறியதும்
ஆடிக்கொண்டிருந்த வாக்கர் மணலில் இறுகியது.
அதைப் பிடித்து அப்பா நிமிர்ந்தார்.
அவ்வளவு உயரம் அவருக்கு
என் துண்டில் இல்லை.

சனம் அவர்களைச் சுற்றிப் போய் மறுபடி ஒன்றாகியது.
"இஞ்சையிருந்தே புகை தெரியுது" என்றாள் அம்மா,
கூடைக்குள் கைவிட்டுத் தாள்க்காசு தேடினாள்,
கச்சான்காரி தாண்டிப் போவதற்குள்.