காறை எலும்பு

ஏழு வருசம் நான் குத்தியது காற்றை.
நாவலர் வீதி மண்டபத்தில் இருபத்திரண்டு பேர் வரிசையாய்,
ஒரே எண்ணுக்கு ஒரே முட்டி.
காற்று ஒருநாளும் திருப்பி அடிக்கவில்லை.
அதையே என் திறமை என்று நம்பி
மண்ணிறப் பட்டி கட்டிவிட்டார்கள்.

தனுஜன் சிரிப்பான்.
அவனுக்கு பொக்சிங். தட்டாதெருவில்
லொறி கழுவும் கொட்டகை, உரப்பையில் மணல்.
மூன்று மாதத்தில் இரண்டுதரம் மூக்குடைந்தவன்.
"அடி வாங்காத ஆக்கள் சண்டையைப் பற்றிக் கதைக்கப்படாது" என்பான்
பஞ்சடைத்த மூக்கால்,
பட்டம் பெற்றவன்போல.

குருநகர் பிறின்சியா ஜூடோவுக்குப் போனாள்.
ஆறு கிழமை அவளுக்கு விழ மட்டுமே பழக்கினார்கள்.
நாடியை நெஞ்சில் ஒட்டு, உள்ளங்கையால் மெத்தையில் அறை,
உருள், எழும்பு, திரும்ப விழு.
"காசு குடுத்தோடி விழுறாய்?"
ஆரியகுளத்துக் கடையில்
பிளேன்ரீ மூக்கில் ஏறுமட்டும் சிரித்தோம்.

ஞாயிறுதோறும் இதே வழக்கு:
எது உதவும், எது வெறும் ஆட்டம்?
சிந்திய தேத்தண்ணியில் விரலால் கோடு போட்டு விளக்குவேன்.
ஒருவன் இப்படி வந்தால் நான் இப்படி.
அந்த ஒருவன் எப்போதும் முன்னால் இருந்தே வந்தான்,
தனியாகவே வந்தான்,
நான் கால் மாற்றி நிற்கும்வரை காத்திருந்தான்.
நல்ல பிள்ளை.

வியாழன், ஏழே முக்கால்.
கோண்டாவில் தாண்டி, மதகடியில், லைற் எரியாத இடம்.
பின்னால் இருந்து வந்தார்கள்.
இரண்டு பேர், ஒரு மோட்டார் சைக்கிள்,
கழுத்தில் ஒரு சுண்டு.
என் இரண்டு முட்டியும் ஸ்கூட்டிக் கைபிடியில்.
பிரேக்கைப் பிடிப்பதா விடுவதா என்றுகூடத் தெரியாத
ஏழு வருசத்து முட்டிகள்.

அறுபதில் பறக்கும் எதிரிக்கு
எங்கள் பாடத்தில் எண் இல்லை.
தனுஜனுக்கும் அங்கே மணி அடிக்க ஆளில்லை.
பிறின்சியா யாருடைய சட்டையைப் பிடிப்பாள்?

கத்தல் மட்டும் வேலை செய்தது.
மண்டபத்தில் வெட்கப்பட்டு விழுங்கிய கத்தல்,
"பூனை மாதிரிக் கத்தாதை" என்று மாஸ்டரிடம் ஏச்சு வாங்கியது,
அன்றைக்கு எங்கிருந்தோ புறப்பட்டு
பலசரக்குக் கடையையும் சலூனையும் வீதிக்கு இழுத்தது.
பாதி முகம் நுரையோடு ஒருவர்
கழுத்துத் துவாய் பறக்க ஓடிவந்தார்.
மோட்டார் சைக்கிள் அதற்குள் இணுவிலைத் தொட்டிருக்கும்.
சங்கிலி கவரிங்.
அவர்களை நினைக்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

ஆனால் விழும்போது
கையை நேரே ஊன்றிவிட்டேன்.
பள்ளிக்கூடப் பென்சில் முறியும் அதே சத்தம்.

பெரியாஸ்பத்திரியில்
தனுஜன் முதலில் என் மூக்கைத்தான் பார்த்தான்,
ஒன்றும் ஆகவில்லை என்று ஏமாந்தான்.
டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார்,
"எப்படி விழுந்தனீங்கள்?"
"தெரியாமல் விழுந்திட்டன்" என்றேன்.

பிறின்சியா சிரிக்கவில்லை.
தோடம்பழம் உரித்து
ஒவ்வொரு சுளையாக
என் இடக்கையில் வைத்தாள்.