மூன்று மணிக்கு மேல்

கங்கைகொண்டான் சிப்காட்டில் எங்கள் கொட்டகைக்குப்
பெயர்ப்பலகை இன்னும் வரவில்லை.
நாற்பது கேமராக்கள் முடிந்துவிட்டன,
ஒரு குறையைத் தவிர.

விடிகாலை மூன்று மணிக்கு மேல்
கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்க்கிறது.
வேர்த்த கண்ணுக்கு
ஆறு ஒரு சாண் இறங்கித் தெரிகிறது.

படித்துறைக் கல்லில் கோடு போட்டு
வெள்ளம் ஏறுவதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கேமரா.
ஒரு சாண் என்பது
சீவலப்பேரியில் ஒரு தெரு.

ஆவுடையப்பன் அண்ணாச்சி சொன்னார்:
"ஐப்பசி பொறந்தாச்சு எஸ்தர்.
இப்பம் அங்க என்ன இருக்கு? ஒண்ணுங் கெடையாது.
அரைக்கண்ணுன்னாலும் கண்ணுதானம்மா.
கொண்டு மாட்டுவோம். குறைய பொறவு பாத்துக்கிடலாம்."

நான் சொன்னேன்:
"கண்ணே இல்லன்னா ஆளு முழிச்சிருப்பான் அண்ணாச்சி.
கேமரா இருக்குன்னா தூங்கிருவான்."

இருவர் சொன்னதும் சரி.
அதனால்தான் டீ ஆறிப்போனது.

கையெழுத்து என்னுடையது. போடவில்லை.
பதினோரு நாள்.
ரப்பர் வளையத்தை மாற்றினோம், பசையை மாற்றினோம்,
ஈரச்சாக்கு சுற்றி ஐஸ் வாளிக்குள் இறக்கி
ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம்
நானும் மைதீன் பிச்சையும்.
மூன்று மணிக்கு அலாரம் வைப்பான்,
அலாரத்துக்கு முன்பே எழுந்து கண்ணாடியை முறைப்பான்.
"வேர்க்குது மேடம்" என்பான்,
தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது போல.

ஒன்பதாம் நாள் ராத்திரி
பாபநாசத்தில் மதகைத் திறந்தார்கள்.
நாற்பது கேமராவும் அட்டைப்பெட்டிக்குள்,
நனையாமல், உத்தமமாய்.

சீவலப்பேரிப் படித்துறையில்
உலகம்மாள் மகன் துரைப்பாண்டி டார்ச்சோடு நின்று
மிச்சமிருந்த படிகளை எண்ணினான்.
எட்டு. ஏழு. ஐந்து.
ஆறை அவன் எண்ணவே இல்லை,
அவ்வளவு வேகம்.
ஓடிப்போய்க் கதவுகளைத் தட்டினான்.
ஆட்கள் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள்.
நாலு ஆடும் ஒரு மாவுமில் மோட்டாரும் ஏறவில்லை.

மணி என்ன இருக்கும் என்று மறுநாள் கேட்டேன்.
"ரெண்டு, ரெண்டேகால்" என்றான்.
திரும்பவும் கேட்டேன்.
அதையேதான் சொன்னான்.
மூன்றுக்கு முன்னால்.
வேர்க்காத நேரம்.

அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார்.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
மோட்டார் என்ன விலை என்று
மில்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் மைதீன் கூப்பிட்டான்.
மணி நாலு. கண்ணாடி உலர்ந்து கிடந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

முதல் கேமராவை அந்தப் படித்துறையிலேயே மாட்டினோம்.
துல்லியமான படம்:
சேறு, சேற்றில் ஓர் ஆட்டின் மணிக்கயிறு,
பதினான்கு படி இறங்கிப்போய்
ஒன்றும் தெரியாதது போல் கிடந்த ஆறு.

ஏணியைப் பிடித்திருந்த துரைப்பாண்டி
அண்ணாந்து பார்த்துக் கேட்டான்:
"இனி நான் தூங்கிக்கிடலாமாக்கா?"

கேமராவின் கழுத்தில் கடைசித் திருகை
இன்னும் அரைச்சுற்று முடுக்கினேன்.

"தூங்காத" என்றேன்.